நான் வாங்கிய சத்தியம்

சூடம் எரிந்துகொண்டிருந்தது. நடுப்பகல் வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே காற்று நெளிவதை வைத்துத்தான் எரிகிறது என்று தெரிந்தது.

"சொல்லுத்தா" என்றேன்.

என் மகள் மங்களம் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

"ராம்நாட்டுல இருக்கிற பிரவுசிங் சென்டர் வாசல மிதிக்க மாட்டேன். வேற எந்த ஊருலயும் மிதிக்க மாட்டேன். இன்டர்நெட்டு இருக்கிற கம்ப்யூட்டர் முன்னால உக்கார மாட்டேன்."

சொல்லி முடித்து வலது உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. விரல்களுக்கு இடையில் புகை வந்தது. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்மாய்க் கரையில் எங்கள் கருப்பர் கோயில். பூசாரி இருந்தார். என் கணவர் இருந்தார். அவருடைய அண்ணன் இருந்தார். வழியில் போனவர்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கைக்கு நின்றார்கள்.

அந்த வாசகத்தை எழுதியது நான். முந்தின நாள் ஆபீஸில், வேலைக்கு நடுவே, வேண்டாத ஒரு தாளின் முதுகில் அடித்துத் திருத்தி எழுதினேன். யூனியன் ஆபீஸில் எனக்குத் தட்டச்சர் வேலை. எந்த உத்தரவிலும் ஓட்டை இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழில். 'ராம்நாட்டுல' என்று மட்டும் வைத்தால் பரமக்குடிக்குப் போய்விடுவாளே என்று யோசித்து இரண்டாவது வரியைச் சேர்த்தேன். பதினாறு வயதுப் பிள்ளையை மடக்க அவ்வளவு மெனக்கெட்டேன்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் ஆபீஸ் கதைகளைப் படித்துச் சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. எனக்குக் கோபம். அந்தக் கோபம் சிலர் மேல் இருக்கிறது, அவர்களைப் பற்றி எழுதப் போகிறேன். என்னையும் விடப் போவதில்லை.

மகளின் பெயரைப் போடலாமா என்று அவளிடமே கேட்டேன். "போடுங்க, நான் என்ன தப்பா பண்ணுனேன்" என்றாள்.

பெரியவர் பார்த்தது

என் கணவரின் அண்ணனை ஊரில் பெரியவர் என்றுதான் சொல்வார்கள்; எனக்கு அவர் அத்தான். உத்தரகோசமங்கைக்குக் கிழக்கே எங்கள் ஊர். மிளகாய்க் காடும் மானாவாரி நெல்லுமாகப் பிழைக்கிற ஊர். பஞ்சாயத்து, கல்யாணம், வாய்க்கால் தகராறு எதுவானாலும் அவர் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சு தொடங்கும்.

அவர் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகிற காகிதம் ஒன்றை அச்செடுக்க ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். பலகைத் தடுப்புகளுக்குள் ஒன்றில் மங்களம் இருந்திருக்கிறாள். சனிக்கிழமை பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்தால் ஊர்ப் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அவள் போய் உட்கார்கிற இடம் அது. எனக்கே அன்றுதான் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே, ஒம் மக படிக்கப் போறாளா, கண்டவனோட பேசப் போறாளா?"

"என்னண்ணே?"

"நாங் கண்ணால பாத்தேன்லே. டிவிப் பொட்டி மாதிரி இருக்கு. பேரு பேரா ஓடுது. ஒண்ணுகூட நம்ம பக்கத்துப் பேரு கெடையாது. இவ எழுதுறா, அங்கிட்டு இருந்து ஒருத்தன் எழுதுறான். இவ சிரிக்கிறா."

மங்களம் உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"பெரியய்யா, அது கணக்கு. கணக்கப் பத்திப் பேசுற எடம்."

"கணக்குல என்னத்தா சிரிப்பு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வேன் என்று நினைத்தாள் போல. நான் தரையைப் பார்த்தேன்.

அந்த ஆண்டு பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் படம் செல்போன் செல்போனாகச் சுற்றியிருந்தது. அந்தக் குடும்பம் மாட்டை விற்று, வீட்டைப் பூட்டி, எங்கேயோ போய்விட்டது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. ஆகவே பயம் பொய்யில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது புரியும்.

ஆனால் மகள் அன்று இரண்டே வார்த்தையில் மருந்து சொன்னாள். "ஒரு நாளு எங்கூட வாங்கம்மா. பக்கத்துல உக்காந்து பாருங்க. அப்பறம் வேண்டாம்னா போகல."

"எனக்கு லீவு கெடைக்காது" என்றேன்.

கருப்பர் கோயிலுக்கு அவளைக் கூட்டிப் போக அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அது கிடைத்தது.

மாடிப்படியில் வந்து நின்றவர்

இதைவிட மோசமாக ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அதே ராமநாதபுரத்தில், அரண்மனைக்குப் பக்கத்து மாடி ஒன்றில் டைப்ரைட்டிங் படித்தேன். பதினைந்து மெஷின், பதினைந்து பேர், அதில் பெண்கள் மூவர். மாடியிலிருந்து வருகிற சத்தம் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்.

எங்கள் பங்காளி ஒருவர் என் அய்யாவிடம் போய்ச் சொன்னார்: "ஒம் பொண்ணு மாடியில பயலுகளுக்கு நடுவுல உக்காந்துருக்கு."

என் அய்யாவுக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. மறுநாள் அவர் பஸ் ஏறி வந்தார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மாடிப்படியேறி வாசலில் நின்றார். துண்டு கக்கத்தில். நான் பயத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் முழுதும் நின்று பார்த்தார். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த மணி எதுக்கு அடிக்கிது?"

"வரி முடியப் போகுதுன்னு சொல்லுதுய்யா."

"சரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸாகி வேலைக்கும் வந்தேன்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தறியாத மனிதர் வந்து பார்த்தார். இரண்டு மொழியிலும் ஹையர் பாஸான நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

ஆபீஸுக்கு வந்த கவர்

சூடம் அணைத்தது மாசியில். சித்திரை பிறந்து, மிளகாய் களத்தில் காய்ந்துகொண்டிருந்த சமயம், ஆபீஸ் தபாலோடு ஒரு கவர் வந்தது. மகள் பெயர், என் பொறுப்பு என்று போட்டு ஆபீஸ் முகவரி. எங்கள் ஊருக்குத் தபால் ஒழுங்காக வராது என்று அவளே அப்படிக் கொடுத்திருக்கிறாள்.

பிரித்தேன். சென்னையில் ஒரு மாதம் நடக்கும் கணக்குப் பயிற்சி முகாம். வீட்டிலிருந்தே பத்துக் கணக்குகளுக்கு விடை எழுதி அனுப்பியவர்களிலிருந்து சிலரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அதில் இவள் ஒருத்தி. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் வருவதாக உறுதி சொல்லாததால் இடம் அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. வருந்துகிறோம்.

நான் ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிற மாதிரியான கடிதம்தான். எந்த வரியில் என்ன வரும் என்று படிக்காமலே சொல்வேன். அதை மூன்று முறை படித்தேன்.

வீட்டுக்குப் போனபோது மங்களம் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெடி மூக்கில் ஏறியது. கவரை அவள் முன்னால் வைத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படித்தாள். மடித்து உள்ளே வைத்தாள்.

"இது வரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"மெயிலு வரும்னு தெரியும். போன மாசமே."

"யாரு இதுக்கெல்லாம் எழுதிப் போடச் சொன்னது?"

"அங்கன இருக்கிறவுகதான். அந்தக் கணக்கு ஃபோரத்துல. நீ எழுதிப் போடு, ஒனக்குக் கெடைக்கும்னாக. அய்யாதான் பாரத்துல கையெழுத்துப் போட்டாக."

என் கணவரைப் பார்த்தேன். "பள்ளிக்கூடத்துப் பாரம்னு நெனச்சேன்" என்றார். கோயிலிலும் வாயைத் திறக்காதவர் அவர். அன்று அவரை நான் பேசிய பேச்சு இங்கே அச்சேறாது.

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?"

"சூடம் அணச்சிருக்கேன்ல." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னாள். "போயிப் பாத்தா அது பொய்ச் சத்தியம். ஒங்ககிட்ட வந்து அழுதா நீங்க எரக்கப்பட்டு விட்டாலும் விடுவீக. எரக்கப்பட்டு விட்டா நான் தப்புப் பண்ணுனவ மாதிரி ஆகிரும். நான் பண்ணலியே."

மறுநாள் காலையில் பூசாரியிடம் ஓடினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். "அதுக்கெல்லாம் வழி இருக்குத்தா. ஒரு சேவல அறு. பொங்க வையி. பிள்ள வந்து விழுந்து கும்புடட்டும். கருப்பரு விட்டுருவாரு."

மகளிடம் சொன்னேன்.

"பரிகாரமா? தப்புச் செஞ்சவுகதான் பரிகாரம் பண்ணணும். நான் எதுக்கு விழுகணும்?"

"பின்ன என்னதான் செய்யச் சொல்றத்தா?"

"கேட்டு வாங்குனது நீங்க. நீங்கதான் திருப்பித் தரணும். அன்னைக்கி யாரு யாரு நின்னாகளோ அவுக முன்னால, நான் வாங்குனது தப்புன்னு சொல்லிட்டு விடுங்க. நான் போறேன்."

ஒரே ஒரு வரி. மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகாது. என்னால் முடியவில்லை. பெரியவர் முன்னால் அதைச் சொன்னால் 'ஆத்தாளே மகள அனுப்பி வைக்கிறா' என்று ஊர் பேசும். அந்த ஒரு வரியிலிருந்து தப்பிக்க நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதுதான் மீதிக் கதை.

தண்ணி லாரி வரிசை

"நீ பேப்பர்ல எழுதிக் குடு. நான் போயி அடிச்சுட்டு வாரேன். பதில அச்செடுத்துக் கொண்டாரேன்" என்றேன்.

நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள் என் கைப்பைக்குள் இருந்தது. அதோடு ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் கடவுச்சொல்லும்.

சென்டர் நடத்துகிறவர் ஜெரினா. புதுமடத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆனால் உட்காருவதற்குள் ஒரு வாங்கு வாங்கிவிட்டார்.

"நீங்கதான் அந்தப் பிள்ளையோட உம்மாவா? ஏம்மா, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நான் என்ன கதவச் சாத்திக்கிட்டா தொழில் பண்றேன்? வந்தா அந்த ஒரு பக்கத்தத் தவிர வேற எதையும் தொறக்காது அது. நேரம் முடிஞ்சாலும் எந்திரிக்காது. நான்தான் பஸ்ஸு போயிரும்னு வெரட்டுவேன்."

"தெரியாமப் போச்சும்மா."

"தெரியாமப் போகல. நீங்க வரல."

அவர் சொன்னது சரி. உட்கார்ந்தேன். அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். படம் இல்லை, முகம் இல்லை. கணக்கு, அதற்குக் கீழே கணக்கு. ஒருவர் ஒரு கேள்வி போடுகிறார். இன்னொருவர் விடை எழுதுகிறார். மூன்றாமவர் வந்து, நான்காவது வரி நிற்காது என்கிறார். விடை எழுதியவர் அடுத்து என்ன எழுதியிருந்தார் தெரியுமா? ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "ஆமாம், நான் சொன்னது தப்பு. நன்றி."

திரும்பத் திரும்பப் பல இடங்களில் அது இருந்தது. நான் சொன்னது தப்பு. நான் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்வதே சரி. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஓரிடத்தில் என் மகளே, பெரிய படிப்புப் படித்தவர் என்று தோன்றுகிற ஒருவரிடம், நீங்கள் சொன்ன எண் பொருந்தாது என்று எழுதியிருந்தாள். அவர் ஒத்துக்கொண்டு, கீழே ஏதோ வேடிக்கையாகவும் எழுதியிருந்தார். அவள் சிரித்தது இதற்காகத்தான் இருக்கும்.

கால் நூற்றாண்டாக ஆபீஸில் கடிதம் அடிக்கிறேன். அதில் எந்த அதிகாரியும் தப்பு என்னுடையது என்று சொல்லி எழுதச் சொன்னதில்லை. தப்பு தானாக நேரும் எங்களுக்கு. வீட்டிலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான். எந்த ஒழுக்கக்கேட்டுக்குப் பயந்து பிள்ளையை இழுத்து வந்தோமோ, அந்த இடத்தில்தான் எங்களில் எவருக்கும் இல்லாத ஒழுக்கம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் விசைப்பலகையில் விரல் வைக்க முடியவில்லை.

அவள் கொடுத்த தாளில் என்ன இருக்கிறது என்று முந்தின நாள் கேட்டிருந்தேன். சொன்னாள்.

"தண்ணி லாரிக்கு, கொடத்தோட பத்துப் பேரு வரிசையா நிக்கிறாக. எல்லாரும் வேற வேற ஒசரம். எடம் மாத்தக் கூடாது. அவுகள்ல நாலு பேர நான் தொட்டுக் காட்டுவேன். நடுவுல ஆளு விட்டு விட்டும் தொடலாம். முன்னால இருந்து போகப் போக அந்த நாலு பேரும் ஒசந்துக்கிட்டே போவாக. இல்லாட்டி கொறஞ்சுக்கிட்டே போவாக. அவுக எப்பிடி நின்னாலும் இது நடந்தே தீரும்."

"எப்பிடி நின்னாலுமா?"

"சண்ட போட்டு நின்னாலும்."

ஏன் நடந்தே தீரும் என்பதுதான் அந்த இரண்டு தாள். ஒரு எழுத்தும் விளங்காமல் அடித்தேன். எங்கள் தொழிலுக்கு விளங்க வேண்டியதில்லை, பார்த்து அடித்தால் போதும்.

பாதி உலகம்

ஆனால் நான் பார்த்தபடி அடிக்கவில்லை.

இரண்டாவது தாளில் ஒரே பத்தி இரண்டு முறை வந்திருந்தது. வார்த்தைக்கு வார்த்தை அதே; இடையில் ஒரு குறி மட்டும் திசை மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அசந்து மறந்து இரண்டு தடவை எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். அதிகாரிகள் எழுதித் தரும் வரைவில் இப்படி அடிக்கடி வரும். நாங்கள் கேட்காமலே ஒன்றை நீக்கிவிடுவோம். நல்ல தட்டச்சர் என்றால் அதுதான். நீக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "பின்னால் நிற்பவர் உயரமாக இருந்தால் என்ன ஆகும் என்று காட்டியிருக்கிறாய். குட்டையாக இருந்தால்?"

மங்களம் தாளைப் பார்த்தாள். தன் நகலை எடுத்து ஒப்பிட்டாள்.

"யாரு ஒங்கள வெட்டச் சொன்னது?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுத்தா."

"ஒரே மாதிரி இருந்தா ஒண்ணாகிருமா? ஒண்ணு ஒசந்தவுகளுக்கு, ஒண்ணு குட்டையானவுகளுக்கு. பாதி ஒலகத்த விட்டுட்டு வந்திருக்கீகம்மா. நான் அரகொறையா எழுதுனேன்னு நெனப்பாக."

கத்தினாள். தாளை வீசினாள். சூடம் அணைத்த நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. கோயிலில் அவள் கத்தியிருக்க வேண்டியதும் சேர்ந்து வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

மறு சனிக்கிழமை விட்ட பத்தியைச் சேர்த்து அடித்தேன். அதற்கு மேல் என் சொந்தப் பொறுப்பில் இரண்டு வரி: "இந்த விடுபடல் அவளுடையது இல்லை. நான் அவள் தாய், அவளுக்காக அடிக்கிறேன். ஒரு பத்தியை நான்தான் நீக்கினேன். தப்பு என்னுடையது."

அடித்துவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் அந்தச் சொற்களுக்குப் பழக்கமில்லை.

யாரிடம் சொன்னேன்

ஒரு வாரம் கழித்துப் போனால், நாலைந்து பேர் வணக்கம் சொல்லியிருந்தார்கள். விடை சரி, அழகாக இருக்கிறது என்று ஒருவர். அவருக்குக் கீழே இன்னொருவர், ஆணா பெண்ணா தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது, கேட்டிருந்தார்: "அவள் ஏன் தானே எழுதுவதில்லை? உடம்புக்கு ஏதாவதா?"

என்ன பதில் போடுவது? மழுப்பியிருக்கலாம். நான் மழுப்பவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். கோயில், சூடம், பெரியவர், கவர், கைவிட்டுப் போன முகாம். விரல் நிற்கவே இல்லை. ஜெரினா வந்து பின்னால் நின்று படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். பயந்து செய்தேன், செய்தது தப்பு, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று முடித்தேன்.

மனம் லேசாகிவிட்டது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவள் போல உட்கார்ந்திருந்தேன். அச்செடுத்த தாள் மடியில் இருந்தது. அவளிடம் காட்ட வேண்டும் என்று அவசரம்.

படித்தாள். முழுதும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்ல? மொகந்தெரியாத ஆளுகளோட பேசக்கூடாதுன்னு எங்கிட்ட சூடம் அணைக்கச் சொன்னீக. இப்ப அந்த ஆளுககிட்டயே போயி உண்மையச் சொல்லிட்டு வந்திருக்கீக. அவுக அன்னைக்கி கோயில்ல நிக்கலியே. நின்னது பெரியய்யா. அவுககிட்ட எப்பச் சொல்லப் போறீக?"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மதுரையிலிருந்து தபால்

பன்னிரண்டாவது முழுக்க அப்படித்தான் ஓடியது. அவள் எழுதுவாள், நான் சுமப்பேன். நல்ல மதிப்பெண் வாங்கினாள். சென்ற ஆனியில் மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடத்தில் சேர்த்துவிட்டோம்.

அங்கே கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. இருபது முப்பது பெட்டி, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் இன்டர்நெட். மாணவிகள் எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மங்களம் மூலையில் இணைப்பு வேலை செய்யாத ஒரு பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, வகுப்பு வேலையை முடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். விடுதியில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்களாம். என்ன பெயர் என்று அவள் சொல்லவில்லை.

கணக்கை மட்டும் தாளில் எழுதி, கவரில் போட்டு, எனக்குத் தபாலில் அனுப்புகிறாள். நான் அதைச் சனிக்கிழமை ராமநாதபுரத்தில் அடித்து, பதிலை அச்செடுத்து, திரும்பத் தபாலில் போடுகிறேன். பத்தடி தூரத்தில் பெட்டி இருக்கிறது அவளுக்கு. ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கப் பத்து நாள் ஆகிறது. மற்றவர்கள் அதற்குள் மூன்று கணக்கு தாண்டிப் போயிருக்கிறார்கள். போன மாதக் கடைசியில் வந்த கவரில் கணக்கு இல்லை. ஒரே வரி: "இனிமே அனுப்பலம்மா. அவுக வேகத்துக்கு எட்ட முடியல. நான் சும்மா பாடத்தப் படிச்சுக்கிறேன்."

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் மேல் கோபப்பட்டேன். ஊர்ப் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் பிள்ளையைக் கூப்பிட்டு ஒழுக்கம் பேசிய பள்ளித் தலைமையாசிரியை மேல் கோபப்பட்டேன். வாயில்லாத என் கணவர் மேல் கோபப்பட்டேன். இவர்களில் யாரும் அவளிடம் சத்தியம் கேட்கவில்லை. கேட்டவள் நான். வாசகம் எழுதியவள் நான். பெரியவர் ஒரு வாரத்தில் அதை மறந்திருப்பார். நான் அவருக்குப் பயந்து இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, பிள்ளைக்குச் சேவை செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்கு இவ்வளவு உழைத்தவர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மகளுக்கு எழுதிவிட்டேன், வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறி வரச் சொல்லி. பூசாரியிடமும் சொல்லிவிட்டேன், சேவல் வேண்டாம், கோயிலைத் திறந்து வைத்தால் போதும் என்று. இந்த இதழ் எங்கள் ஊருக்கு வியாழக்கிழமை வரும். மூன்று வீட்டில் வாங்குகிறார்கள், அதில் ஒன்று பெரியவர் வீடு. அவர் மருமகள் இந்தத் தொடரைப் படித்துக் காட்டுவாள் என்று கேள்வி.

அத்தான், வெள்ளிக்கிழமை காலையில் கருப்பர் கோயிலுக்கு வாருங்கள். அன்று நின்றவர்கள் எல்லோரும் வர வேண்டும். மங்களம் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளிடம் சத்தியம் வாங்கியது தப்பு, அந்தத் தப்பு என்னுடையது, அவளை விடுகிறேன். அங்கே நான் சொல்லப் போவது இவ்வளவுதான். அச்சில் போட்டுவிட்டேன். இனி அங்கே வந்து வாய் மூடி நிற்க எனக்கு வழி கிடையாது.